இமை தொங்குது, ஆபரேஷன் பண்ணலாமா? தோலா, தசையா, புருவமா: நம்ம கடற்கரை ஆளுங்களுக்கு ஒரு ஒப்பீடு

கடைக்கு பவர் பாக்க வர்றவங்கள்ல மாசத்துக்கு நாலஞ்சு பேராவது இதைக் கேட்டுருவாங்க. "கண்ணு மேல தோலு வந்து விழுதும்மா, ஒருத்தர் இது அழகுக்குப் பண்ற ஆபரேஷன், காசு நீங்கதான் போடணும்கிறாரு, இன்னொருத்தர் பார்வைக்கு வேணும்கிறாரு, மதுரைக்குப் போறதா மெட்ராஸ் போறதா, இல்ல பேசாம விட்டுறலாமா?" ஒவ்வொருத்தர்கிட்டயும் நின்னு பேசி அனுப்புறேன், ஆனா வீட்டுக்குப் போறதுக்குள்ள பாதி மறந்துருது, அதனால எழுதியே வச்சுட்டேன்.

நான் டாக்டர் இல்ல. ராமநாதபுரத்துல ஒரு கண்ணாடிக் கடையில பவர் டெஸ்ட் பண்றேன், ஊரு தங்கச்சிமடம். இதுல எனக்கு இவ்வளவு அக்கறை வந்ததுக்குக் காரணம் எங்க அம்மா. 58 வயசுல ரெண்டு இமையும் இறங்கிப்போயி, தாடையைத் தூக்கி வச்சுத்தான் டிவி பாப்பாங்க, சாயங்காலம் ஆனா நெத்தி வலிக்குதுன்னு தைலம் தேய்ப்பாங்க. சொந்தக்காரங்க பேச்சைக் கேட்டு ஒரு பெரிய ஊர்ல இருக்கிற அழகு கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனோம், அங்க மேல் இமையில தோலை வெட்டி எடுத்தாங்க, தழும்புகூட தெரியாம நல்லாத்தான் தச்சாங்க, ஆனா ரெண்டு மாசம் கழிச்சுப் பாத்தா இமை முன்னவிட கீழ நிக்குது. அம்மாவுக்கு விழுந்திருந்தது தோல் மட்டும் இல்ல, இமையைத் தூக்குற தசையும் தளந்து போயிருந்திருக்கு. அதுவரைக்கும் நெத்தியைச் சுருக்கி புருவத்தால இழுத்துப் பிடிச்சு சமாளிச்சிருக்காங்க, தோல் பாரம் போனதும் நெத்தி ஓய்வெடுத்துருச்சு, இமை தன்னோட நிஜ இடத்துக்கு இறங்கிருச்சு. ஆறு மாசம் காத்திருந்து மதுரையில ரெண்டாவது ஆபரேஷன். மொத நாள் ஒரு ஸ்கேலை வச்சு அளந்திருந்தா அந்த முதல் ஆபரேஷனே அந்த மாதிரி நடந்திருக்காது, அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் போகல.

அதனால எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு காசுங்கிறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது வேற.

எதை வச்சு முடிவு பண்ணணும்

முதல்ல, எது விழுது? தோலா, தசையா, புருவமா, இல்ல நரம்புல கோளாறா? நாலும் கண்ணாடியில பாக்க ஒரே மாதிரி தூங்கி வழியுற கண்ணாத்தான் தெரியும், வைத்தியம் நாலுக்கும் நாலு விதம்.

ரெண்டாவது, பார்வையை மறைக்குதா. இங்கதான் அழகுக்கா பார்வைக்காங்கிற கோடு வருது. கத்தி வைக்கிற இடமும் தையலும் ரெண்டுக்கும் ஒண்ணா இருக்கலாம், அளவுதான் வித்தியாசம். டாக்டர் டார்ச் அடிச்சா கண்ணோட பாப்பா (கருவிழி நடுவுல இருக்கிற கறுப்பு வட்டம்) மேல ஒரு வெளிச்சப் புள்ளி விழும், அந்தப் புள்ளியிலருந்து மேல் இமை விளிம்பு வரைக்கும் சாதாரணமா 4–5 மி.மீ இருக்கும், அது 2 மி.மீ அல்லது அதுக்குக் கீழ வந்துட்டா பொதுவா பார்வைக்கான பிரச்சினைன்னு எடுத்துக்கிறாங்க. கூடவே ஃபீல்டு டெஸ்ட், அதாவது ஒரு கிண்ணம் மாதிரி மெஷினுக்குள்ள பாத்து வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பட்டனை அமுக்குறது. இமையை அப்படியே விட்டு ஒருதடவை, பிளாஸ்திரி போட்டுத் தூக்கி ஒட்டி ஒருதடவை எடுப்பாங்க, தூக்கி ஒட்டுனப்போ மேல்பக்கப் பார்வை நல்லா விரிஞ்சா அதுதான் சாட்சி. விரியலன்னா காரணம் புரையா, கண் பிரஷரான்னு தேடணும். இமையைக் குத்தம் சொல்லிக்கிட்டே பிரஷரைக் கவனிக்காம விட்டவங்களை நானே பாத்திருக்கேன்.

மூணாவது கண் எவ்வளவு காய்ஞ்சிருக்கு. நம்ம ஊருக்கு இது ரொம்ப முக்கியம், மத்த ஊர்க்காரங்க எழுதுறதுல இதை ஒரு வரியில தாண்டிருவாங்க. உப்புக்காத்து, மணல், வருஷம் பூராவும் வெயில், இதுல பலருக்கு கண்ணுல சதை வளர்ச்சியும் இருக்கும், உறுத்தலும் இருக்கும். எந்த இமை ஆபரேஷன் பண்ணாலும் கொஞ்ச நாளைக்கு கண்ணு முழுசா மூடாம இருக்கலாம், ஏற்கனவே காய்ஞ்ச கண்ணுக்கு அது கஷ்டம்.

நாலாவது பணம் யாரோடது, அஞ்சாவது எத்தன நாள் தொழிலுக்குப் போக முடியாது, ஆறாவது எத்தன தடவ திரும்பப் போகணும். இதுங்களைப் பத்தி கடைசியில சொல்றேன்.

வீட்டுல நீங்களே பாத்துக்கிறது

பகல் வெளிச்சத்துல உக்காந்து, கேமராவை கண் மட்டத்துல வச்சு, நெத்தியைத் தளர விட்டு நேரா ஒரு போட்டோ எடுங்க. பத்துப் பதினஞ்சு வருஷத்துக்கு முந்தின கல்யாண ஆல்பத்தையோ பழைய பாஸ்போர்ட் போட்டோவையோ பக்கத்துல வச்சுப் பாருங்க. அப்புறம் தொங்குற தோலை விரலால மெதுவா மேல நகத்துங்க, இமை முடி முளைக்கிற விளிம்பு சரியான இடத்துல இருந்தா (கருவிழியோட மேல் ஓரத்தை 1–2 மி.மீ மட்டும் மூடியிருந்தா) உங்களுக்கு தோல்தான் பிரச்சினை. தோலை நகத்துன பிறகும் விளிம்பே பாப்பாகிட்ட இறங்கி நின்னா அது தசை, டாக்டருங்க டோசிஸ்னு சொல்றது அதைத்தான். புருவத்தை எலும்பு மேல தூக்கிப் பிடிச்சதும் மடிப்பு காணாமப் போச்சுன்னா புருவம் இறங்கியிருக்கு. ரெண்டு மூணு சேந்தும் இருக்கும், அறுபது தாண்டுனவங்கள்ல அதுதான் அதிகம். எங்க அம்மாவுக்கு மாதிரி.

இது டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்னு உங்களுக்குத் தெரியுறதுக்குத்தான், முடிவு பண்றதுக்கு இல்ல.

ஒப்பீட்டுக்குள்ளயே வராதவங்க

நேத்து வரைக்கும் நல்லா இருந்த இமை திடீர்னு ஒரு பக்கம் விழுந்து, கூடவே தலைவலி, ரெட்டை ரெட்டையா தெரியுறது, ஒரு கண்ணு பாப்பா பெருசா ஒண்ணு சின்னதா இருக்கிறது, இதுல எது இருந்தாலும் அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரி. மூளையில ரத்தக்குழாய் வீங்கி நரம்பை அமுக்குறதாகூட இருக்கலாம், காலையில பாத்துக்கலாம்னு படுக்காதீங்க.

காலையில நல்லா இருந்து சாயங்காலம் ஆக ஆக இமை இறங்குதா, சாப்பாடு முழுங்கக் கஷ்டமா இருக்கா? அது மயஸ்தீனியாங்கிற தசைச்சோர்வு நோயா இருக்கலாம், அதுக்கு மாத்திரைதான் முதல்ல, கத்தி இல்ல.

பிறவியிலயே இமை இறங்கி பாப்பாவை மூடியிருக்கிற குழந்தைக்கு "பெரிசானா சரியாயிரும்"னு காத்திருக்கவே கூடாது. பார்வை வளர்றது ஏழெட்டு வயசுக்குள்ள, மூடிக் கெடந்த கண்ணு அந்தப் பார்வையைக் கத்துக்காமலே போயிரும், அப்புறம் இமையைத் தூக்கியும் கண்ணாடி போட்டும் புண்ணியம் இல்ல. கல்யாணத்துக்கு முன்னாடி பண்ணிக்கலாம்னு பொம்பளப் பிள்ளைகளை வச்சுக்கிட்டு இருக்கிற வீடுகளைப் பாக்கும்போது எனக்கு மனசே ஆறாது.

வழி 1: இப்போதைக்கு ஆபரேஷன் வேணாம்

அந்த வெளிச்சப் புள்ளி அளவு 3 மி.மீ-க்கு மேல நிக்குது, ஃபீல்டுல பெரிய குறை இல்ல, முகம் பாக்கத்தான் சங்கடம்னா தள்ளிப்போடறதுல எந்தக் கெடுதலும் இல்ல. பெரியவங்களுக்கு இமை தொங்குறதால கண்ணு கெட்டுப்போகாது, தூக்குனா அதே பார்வை இருக்கும். கண்ணாடி ஃபிரேமுல ஒரு சின்னக் கம்பி வச்சு இமையைத் தாங்க வைக்கலாம், இதயக் கோளாறு, கட்டுப்படாத சுகர்னு ஆபரேஷனுக்குத் தோது இல்லாதவங்களுக்கு அது உதவுது, ஆனா கண் சிமிட்டல் குறையும், சொட்டு மருந்து விட்டுக்கிட்டே இருக்கணும். இதுல தெரியாத செலவு நெத்தி வலியும் கழுத்து வலியும்தான். தாடையைத் தூக்கி நடக்கிறவங்க படியில தடுக்குவாங்க, சைக்கிள் ஓட்டுறவங்க மேல இருந்து வர்ற கிளையைப் பாக்க மாட்டாங்க. அந்த நிலைமை வந்துட்டா காத்திருக்க வேணாம்.

வழி 2: தோலை மட்டும் எடுக்கிறது

பிளெஃபரோபிளாஸ்டின்னு சொல்றது. லோக்கல் ஊசி, ரெண்டு கண்ணுக்கும் சேத்து ஏறக்குறைய ஒரு மணி நேரம், இமை மடிப்புலயே தையல், 5–7 நாள்ல பிரிப்பாங்க, கன்னிப்போன நீலம் ரெண்டு வாரத்துல வடியும், உருவம் முழுசா அமர 2–3 மாசம். விளிம்பு சரியான இடத்துல இருந்து தோல் மட்டும் அதைத் தாண்டி விழுறவங்களுக்கு இதுதான் சரி, பலன் பல வருஷத்துக்கு நிக்கும்.

இதுல பயப்பட வேண்டியது கம்மியா எடுக்கிறதுக்கு இல்ல, அதிகமா எடுக்கிறதுக்கு. கம்மின்னா இன்னொரு தடவ எடுத்துக்கலாம், அதிகம் போச்சுன்னா கண்ணு மூடாது, தூங்கும்போது திறந்து கெடந்து கருவிழி புண்ணாகும். புருவத்துக்கும் இமை முடிக்கும் நடுவுல குறைஞ்சது 20 மி.மீ தோல் மிஞ்சணும்னு ஒரு கணக்கு இருக்கு. காத்துல நிக்கிற தொழில் பண்றவங்க "நல்லா இழுத்துத் தச்சு விடுங்க டாக்டர், திரும்ப வராத மாதிரி"ன்னு கேக்கவே கேக்காதீங்க. "நான் கடலுக்குப் போறவன், கருவாடு காயப்போடுறவ, அளவா எடுங்க"ன்னு சொல்லுங்க.

வழி 3: தசையை இழுத்துக் கட்டுறது

லெவேட்டர்னு ஒரு தசை இமையைத் தூக்குது. வயசானா அதோட நுனி நாரு இமையிலருந்து நழுவும், வருஷக்கணக்கா கான்டாக்ட் லென்ஸ் போட்டவங்களுக்கும், கண்ணைக் கசக்கிக்கிட்டே இருக்கிறவங்களுக்கும், சில நேரம் புரை ஆபரேஷனுக்கு அப்புறமும் இது வரும். அதைத் தேடிப் பிடிச்சு மறுபடி இழுத்துத் தைக்கிறதுதான் இந்த ஆபரேஷன். பெரியவங்களுக்கு மயக்க மருந்து குடுக்காம லோக்கல்லயே பண்ணுவாங்க, நடுவுல எழுப்பி உக்கார வச்சு "கண்ணைத் திறங்க"ன்னு உயரம் பாப்பாங்க, அம்மா இதுக்குத்தான் ரொம்பப் பயந்தாங்க, ஆனா வலி இல்லன்னாங்க. தசைக்கு உயிரே இல்லாத அளவு (இமையைத் தூக்குற அளவு 4 மி.மீ-க்குக் கீழ) இருந்தா, பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அப்படித்தான், நெத்தித் தசையோட இமையை சிலிக்கான் நூலாலயோ தொடையிலருந்து எடுத்த நாராலயோ கட்டித் தொங்கவிடுவாங்க.

தோல் எடுக்கிறதவிட இது நுணுக்கமான வேலை. ஒரு மி.மீ கூடக்குறைய ஆனாலே முகத்துல தெரியும், திரும்ப ஒருதடவ சரி பண்ண வேண்டி வர்றது அபூர்வம் இல்ல, அதனால "சரியில்லன்னா மறுபடி பண்றதுக்குத் தனியா காசா?"ன்னு முன்னாடியே கேட்டுறணும். இன்னொண்ணு, ஒரு கண்ணை மட்டும் தூக்குனா மத்த கண்ணு இறங்குன மாதிரி ஆகலாம். ரெண்டு இமைக்கும் மூளை ஒரே அளவு விசையைத்தான் அனுப்புது, இறங்குன கண்ணுக்காக அதிகம் அனுப்பிக்கிட்டிருந்தது இப்ப குறையும். நல்ல டாக்டர் இறங்குன இமையை விரலால தூக்கிப் பிடிச்சு மத்த கண்ணு இறங்குதான்னு பாத்து உங்களுக்கு முன்னாடியே சொல்லிருவாரு.

தோலும் தசையும் சேந்து இருந்தா ஒரே நேரத்துல ரெண்டையும் பண்ணிக்கலாம், ரெண்டு தடவ படுக்க வேண்டியதில்ல.

வழி 4, 5: புருவமும் கீழ் இமைப் பையும்

புருவம் இறங்கியிருக்கும்போது தோலை மட்டும் எடுத்தா புருவம் இன்னும் கீழ இழுபட்டு முகம் கோவமா தெரியும். அப்படிப்பட்டவங்களுக்கு புருவத்தைத் தூக்குறது முதல்ல.

கண்ணுக்குக் கீழ பை மாதிரி கொழுப்பு தள்ளுறது ஏறக்குறைய எல்லாருக்கும் அழகுக்காகத்தான், காப்பீடு எதிர்பாக்காதீங்க. காலையில மட்டும் வீங்கி மதியம் வடியுதுன்னா மொதல்ல கிட்னி, தைராய்டு டெஸ்ட் எடுங்க. கீழ் இமையில தோல் அதிகமா போனா இமை வெளிப்பக்கமா மடங்கி தண்ணி வடிஞ்சுக்கிட்டே இருக்கும், கரையில வேலை பாக்கிறவங்க இதை அவசரமில்லாம யோசிக்கிறது நல்லது.

ஒரே பார்வையில

| | காத்திருக்கிறது | தோல் எடுக்கிறது | தசை கட்டுறது | புருவம் தூக்குறது |
|---|---|---|---|---|
| யாருக்கு | ஃபீல்டு நல்லா இருக்கிறவங்க | விளிம்பு சரி, தோல் மட்டும் விழுறவங்க | விளிம்பே இறங்குனவங்க, பிறவி டோசிஸ் | புருவம் எலும்புக்குக் கீழ வந்தவங்க |
| பார்வைக்குன்னு காட்ட முடியுமா | – | தோல் பாப்பாவை மறைச்சா | பெரும்பாலும் | சில பேருக்கு |
| வேலைக்குத் திரும்ப | – | 7–10 நாள் | 10–14 நாள் | 2 வாரம் |
| பெரிய பயம் | தடுக்கி விழுறது | கண்ணு மூடாம போறது | உயரம் கூடக்குறைய, மறு ஆபரேஷன் | தழும்பு, மரத்துப்போறது |
| காய்ஞ்ச கண்ணுக்கு | நல்லது | அளவா எடுத்தா பரவாயில்ல | கவனம் | பரவாயில்ல |

வேலைக்குத் திரும்பன்னு போட்டிருக்கிறது நெழல்ல உக்காந்து பாக்கிற வேலைக்கு. கடலுக்கு இல்ல.

எங்க பண்றது

ராமநாதபுரம் ஜிஎச் 2022-லருந்து மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, கண் பிரிவுல முதல்ல அங்க காட்டி புரை, பிரஷர், சுகர் எல்லாம் பாத்து எழுதி வாங்கிக்கலாம், செலவு இல்ல. இமைக்குன்னே படிச்ச டாக்டர், ஓக்குலோபிளாஸ்டின்னு சொல்ற பிரிவு, அதுக்கு மதுரைதான் நமக்குக் கிட்ட. அரவிந்த்ல அதுக்குத் தனிப் பிரிவு இருக்கு, அரசுல ராஜாஜி ஆஸ்பத்திரி இருக்கு. பார்வைக்காக, அதுவும் தசைக்காகப் பண்றவங்களுக்கு என்னோட யோசனை கண் ஆஸ்பத்திரியோட இமைப் பிரிவுதான், அழகு கிளினிக் வேணாம். சுத்தமா அழகுக்காக, தோல் மட்டும்னா பிளாஸ்டிக் சர்ஜன்கிட்டயும் போகலாம், ஆனா அவர் அந்த வெளிச்சப் புள்ளி அளவை எடுத்து ஃபைல்ல எழுதுறாரான்னு பாருங்க. எழுதலன்னா எந்திரிச்சு வந்துருங்க.

பணம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா (வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள) அழகுக்கான ஆபரேஷனுக்குக் கிடைக்காது, பார்வைக்குன்னு டாக்டர் எழுதுனா உங்க கேஸ் அதுல சேருமான்னு அட்மிஷனுக்கு முன்னாடி ஆஸ்பத்திரியோட காப்பீடு கவுண்ட்டர்ல கேட்டுறணும். தனியார் பாலிசியிலயும் இதே விதிதான், அழகுக்குன்னா விலக்கு, மருத்துவத் தேவைன்னு டாக்டர் சான்று குடுத்தா வாதாடலாம். போட்டோவும் ஃபீல்டு டெஸ்டும் ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்ததா இருக்கணும், பின்னாடி எடுத்து புண்ணியமே இல்ல.

கொட்டேஷன்ல வராத செலவுதான் நம்மாளுங்களைக் கவுத்துறது. ராமேஸ்வரத்துலருந்து மதுரை ஏறக்குறைய 170 கிலோமீட்டர், புதுப் பாம்பன் பாலம் 2025 ஏப்ரல்ல திறந்ததுலருந்து ரயில் இருக்கு, ஆனாலும் டெஸ்டுக்கு, ஆபரேஷனுக்கு, தையல் பிரிக்க, ஒரு மாசம் கழிச்சு, மூணு மாசம் கழிச்சுன்னு அஞ்சு தடவ ரெண்டு பேர் போய்வரணும். முதல் ராத்திரி மதுரையிலயே தங்குங்க, இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கிறேன். அபூர்வமா கண்ணுக்குப் பின்னாடி ரத்தம் கட்டும், கடுமையான வலி, கண்ணு முன்னால தள்ளுறது, பார்வை மங்குறது, இப்படி வந்தா மணிக்கணக்குக்குள்ள அமுக்கத்தை எடுத்துவிட்டாதான் பார்வை தப்பிக்கும். அந்த நேரத்துல நீங்க பரமக்குடி தாண்டி பஸ்ல உக்காந்திருக்கக் கூடாது. ரூம் வாடகை மிச்சம் பண்ற இடம் இது இல்ல. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை (ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல்) சாப்பிடுறவங்க, மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிடுறவங்களும், எல்லாத்தையும் டாக்டர்கிட்ட காட்டுங்க, ஆனா ஸ்டென்ட் வச்சவங்க தானா நிறுத்திறாதீங்க, இதய டாக்டர் சொல்லணும்.

என் கடை சம்பந்தப்பட்டது ஒண்ணு. இமை தூக்குன பிறகு கருவிழி மேல இருந்த அழுத்தம் மாறி கண்ணாடி பவரும், முக்கியமா சிலிண்டர் பவர் (கருவிழி வளைவு கோணலா இருக்கிறதைச் சரி பண்றது), மாறலாம். மூணு மாசம் கழிச்சுத்தான் புதுக் கண்ணாடி போடணும், அவசரப்பட்டு போட்டா அந்தக் காசு வீண். புரையும் இருக்கிறவங்க எதை முதல்ல பண்றதுன்னு ரெண்டு டாக்டரையும் பேச வைங்க, இமை ஆபரேஷன் புரைக்கு உள்ள வைக்கிற லென்ஸோட பவர் கணக்கை மாத்தலாம், புரை ஆபரேஷன் இமையை இறக்கலாம்.

எப்ப பண்றது

விசைப்படகுல போறவங்களுக்கு ஏப்ரல் 15-லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம் இருக்கே, அதோட முதல் வாரத்துலயே பண்ணிட்டா தையல் பிரிச்சு, வீக்கம் வடிஞ்சு, படகு இறங்குறதுக்குள்ள ஆறிரும், கூலி நட்டமும் இல்ல. நாட்டுப்படகுக்காரங்களுக்குத் தடை இல்ல, அவங்க வாடைக்காத்து அடிச்சு கடலுக்குப் போக முடியாத கார்த்திகை மார்கழியில வச்சுக்கலாம். உப்புத்தண்ணி முகத்துல படுறது, ஐஸ் பெட்டி தூக்குறது, வலை இழுக்கிறது எல்லாம் குறைஞ்சது 3–4 வாரம் கூடாது. வீட்டுக்கு விருந்தாளி வந்தாங்கன்னு கூடப்போய் 22 தீர்த்தத்துலயும் நனையுறதும் அதுல சேரும்.

கீழக்கரையிலருந்து வளைகுடாவுல வேலை பாக்கிற அண்ணன்மாருங்க ஒரு மாச லீவுல வந்து கடைசி வாரத்துல கேக்குறாங்க. வந்த மூணாவது நாள் டெஸ்ட், முதல் பத்து நாளுக்குள்ள ஆபரேஷன்னு இருந்தாதான் திரும்பிப் போறதுக்குள்ள ஒரு செக்கப்பாவது கிடைக்கும், இல்லன்னா அடுத்த லீவுக்கு வைங்க. கல்யாணப் பொண்ணா இருந்தா தேதிக்கு மூணு மாசம் முன்னாடி, அதுக்கும் கிட்டத்துல கூடாது.

போன மாசம் சின்னப்பாலத்துலருந்து ஒரு அக்கா வந்தாங்க, கடலுக்குள்ள முங்கி பாசி எடுக்கிறவங்க, தண்ணிக்குள்ள போடுற கண்ணாடி இமையை அமுக்கி அமுக்கி ஒரு கண்ணு சின்னதாயிருச்சுன்னாங்க. தோலை நகத்திப் பாத்தேன், விளிம்பு பாப்பா மேலயே நிக்குது, ரெண்டு மி.மீ கூட இல்ல. கண்ணாடியால வந்ததா வயசால வந்ததான்னு எனக்குச் சொல்லத் தெரியாது, ஆனா தோல் எடுக்கிற கேஸ் இல்லன்னு தெரிஞ்சுது. "தோலு எடுத்தா போதும்னு ஒருத்தர் ரேட்டு சொல்லிட்டாரு, அட்வான்ஸ் குடுக்கப் போறேன்"னாங்க. குடுக்காதீங்கக்கான்னு சொல்லி, ஒரு துண்டுச் சீட்டுல "தசையைப் பாக்கவும், இமை அளவு, ஃபீல்டு டெஸ்ட் ஒட்டியும் ஒட்டாமலும், அடுத்த கண்ணு இறங்குமா"ன்னு நாலு வரி எழுதிக் குடுத்தேன், வர்ற செவ்வாக்கிழமை அவங்க மகன் மதுரைக்குக் கூட்டிட்டுப் போறான்.